பிள்ளையார் கோயில் தெரு குழு: திங்கள் முதல் ஸ்கூல்ல யோகா

எஸ்.எம்.சி. அக்கா, இரவு 7.42
நம்ம தெரு ஸ்கூல்ல 4, 5ஆம் வகுப்புக்குத் திங்கக்கிழமையிலருந்து தினம் 20 நிமிஷம் யோகா. காலை டிபன் முடிஞ்ச கையோட 9 மணிக்கு வைக்கலாம்னு இருக்காங்க. வெள்ளிக்கிழமை எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல பேசணும். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

யோகா டீச்சர், 7.50
தினம் 20 நிமிஷம்ங்கிறது நல்ல முடிவுக்கா. வாரத்துல ஒருநாள் ஒரு மணி நேரம் வெச்சா பிள்ளைங்க அடுத்த வாரத்துக்குள்ள மறந்துடும். ஆனா நேரத்தை மாத்தச் சொல்லுங்க. பொங்கல், கிச்சடி சாப்ட்டுட்டு உடனே குனிஞ்சா எதுக்களிக்கும், சிலது வாந்தியே எடுக்கும். சாப்ட்டு ரெண்டு மணி நேரமாவது ஆகணும். 11 மணிக்கு மேல, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கலாம்.

பி.டி. சார், 7.53
பி.டி. பீரியடை எடுத்து யோகாவுக்குக் குடுத்துடாதீங்க, கையெடுத்துக் கேக்கிறேன். 5 வயசுலருந்து 17 வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. யோகாவுல அந்த அளவுக்கு மூச்சு வாங்காது. கபடியும் வேணும், இதுவும் வேணும்.

எஸ்.எம்.சி. அக்கா, 7.55
யோகா பண்ணா உயரமாவாங்களா, மார்க் ஏறுமான்னுதான் பாதிப் பேர் கேக்கிறாங்க.

பிசியோ தம்பி, 8.01
எலும்பு அதனால நீளாதுக்கா. கூன் போட்டு உக்கார்ற பிள்ளை நிமிர்ந்தா உயரமாத் தெரியும். மார்க்குக்கும் வாக்குக் குடுக்க வேணாம். கிடைக்கிறது வேற: நாள் பூரா உக்காந்து எழுதுற பிள்ளைக்கு முதுகுச் சதையும் இடுப்பும் பலப்படும், விழாம நிக்கிற பிடிமானம் வரும். கோவமோ பயமோ வந்தா மூச்சை நீட்டி விட்டுத் தானே அடங்கிக்கத் தெரியும். பரீட்சை வயசுக்குக் கடைசியில சொன்னதுதான் பெரிய சொத்து.

மூலைவீட்டுத் தாத்தா, 8.04
திருமூலர் சொன்ன கணக்குல மூச்சை 16 மாத்திரை (ஒரு மாத்திரைன்னா கண் இமைக்கிற நேரம்) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்லிக் குடுக்கலாமே. சிரசாசனமும் சின்ன வயசுல பழகினாத்தானே வரும்?

யோகா டீச்சர், 8.12
ஐயா, அந்தக் கணக்கு குரு பக்கத்துல இருந்து வருஷக்கணக்கா பழகுறவங்களுக்கு. 9 வயசுப் பிள்ளை அடக்கச் சொன்னா முகம் செவக்க இறுக்கிப் பிடிக்கும், தலை சுத்தும். இந்த வயசுக்கு அடக்குறதே வேணாம். 3 எண்ணி இழுத்து 5 எண்ணி விடட்டும். விடுறது நீளமானா இதயத் துடிப்பு தணியும், மனசு அடங்குறது அதனாலதான்.
“நல்லா இழு”ன்னு சொன்னா பாதிப் பிள்ளைங்க தோளைத் தூக்கி வயித்தை எக்கும், அது தலைகீழ். படுக்க வெச்சு தொப்புள் மேல ஒரு நோட்டை வைங்க. இழுக்கும்போது நோட்டு ஏறணும், விடும்போது இறங்கணும். சொல்லாமலே புரிஞ்சிடும்.

பிசியோ தம்பி, 8.15
தலைகீழா நிக்கிற சிரசாசனம், தோள்ல நின்னு காலைத் தூக்குற சர்வாங்காசனம் ரெண்டும் 40 பேர் வகுப்புல வேணாம் தாத்தா. எடை கழுத்துல இறங்கும், ஒவ்வொருத்தரையும் பிடிக்க ஆள் கிடையாது. ரெண்டு பாதத்தையும் தொடைமேல ஏத்தி உக்கார்ற பத்மாசனமும் கட்டாயப்படுத்தாதீங்க. இடுப்பு திரும்பலைன்னா அந்த முறுக்கு முட்டியில விழும். சம்மணம் போதும்.

எஸ்.எம்.சி. அக்கா, 8.17
அப்போ 20 நிமிஷத்துல என்னதான் பண்றது?

யோகா டீச்சர், 8.29
முதல் 3 நிமிஷம் கை, கால், கழுத்து அசைவு. 10 நிமிஷம் ஆசனம்: தாடாசனம் (நேரா நிமிர்ந்து நிக்கிறது), விருட்சாசனம் (மரம் மாதிரி ஒத்தைக்கால்ல நிக்கிறது), பூனை மாதிரி முதுகை வளைச்சு நிமித்துறது, புஜங்காசனம் (குப்புறப் படுத்துப் பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குறது). 4 நிமிஷம் மூச்சு, அதுல 5 சுத்து பிராமரி, அதாவது காதை மூடிக்கிட்டு வண்டு மாதிரி ‘ம்ம்’னு மூச்சு விடுறது. கட்டை விரலைக் காது ஓட்டைக்குள்ள விடாம, முன்னாடி இருக்கிற மடலை லேசா அழுத்தணும். கடைசி 3 நிமிஷம் படுக்கை. கண்ணு மூட மாட்டேன்னா விட்டுடுங்க, கேக்கிற சத்தத்துல 5 எண்ணச் சொன்னா சிரிப்பு தானா அடங்கும்.
விருட்சாசனம் மட்டும் விளக்கமாச் சொல்றேன், தப்பு அதுலதான் அதிகம். வெறுங்கால், சாக்ஸ் வழுக்கும். தூக்குன பாதம் கெண்டைக்கால்ல இருக்கலாம், தொடையில இருக்கலாம், முட்டிமேல மட்டும் கூடாது. முட்டி முன்னபின்ன மடங்குற மூட்டு, பக்கத்துலருந்து தள்ளினா தாங்காது. ஏறலைன்னா பெருவிரலைத் தரையில ஊணி, குதிகாலை மட்டும் கணுக்கால்ல சாய்ச்சா போதும். சுவத்துல கண் மட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி, அதையே பாக்கணும். பக்கத்துல சிரிக்கிறவனைத் திரும்பிப் பாத்தா விழுந்துடுவாங்க, ஏன்னா கண்ணு, உள்காது, உள்ளங்கால் மூணும் சேந்துதான் நிக்க வைக்குது. 10 எண்ணிட்டுக் கால் மாத்தணும்.
மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்துல ஒத்தைக்கால்ல தவம் பண்றவரையும், அவரை மாதிரியே கை தூக்கி நிக்கிற பூனையையும் படம் காட்டுங்க. நாலாம் வகுப்புப் பிள்ளைங்க பூனைக்காகவே நிக்கும்.

பிசியோ தம்பி, 8.36
சேத்துக்கிறேன். சில பிள்ளைக்கு முழங்கை பின்பக்கமா வளையும். “ரப்பர் மாதிரி இருக்கா பாரு”ன்னு அவளை முன்னாடி நிறுத்துவாங்க. மூட்டு தளர்ந்த பிள்ளை அது. புஜங்காசனத்துல அவளுக்குக் கை முழுசா நீட்டக் கூடாது, முழங்கை கொஞ்சம் மடங்கி விலா எலும்பை ஒட்டியே இருக்கணும். குனியிறப்போ முதுகுல கை வெச்சு அமுக்குற பழக்கமும் வேணாம், முட்டியை மடக்கிக்கச் சொல்லுங்க.
இன்னொண்ணு: வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு வேக வேகமா மூச்சு விடுறது வலிப்பையே தூண்டலாம். அப்படி வேகமா மூச்சு விடுற கபாலபாதி, பஸ்திரிகா இந்த வகுப்புக்கே வேணாம். மூச்சிழுப்பு இருக்கிறவங்க இன்ஹேலரைக் கையில வெச்சிருக்கணும், யோகா பண்றோம்னு மருந்தை நிறுத்தக் கூடாது.

எஸ்.எம்.சி. அக்கா, 8.40
பிள்ளைக்கு இந்த மாதிரி எதுவும் இருக்கான்னு பெத்தவங்ககிட்ட முதல்லயே தனித்தனியா எழுதி வாங்கிடுறோம். எல்லார் முன்னாடியும் கேக்க வேணாம். பொம்பளப் பிள்ளைங்க பாவாடைக்குள்ள டைட்ஸ் போட்டு வரட்டும்னும் போட்டுடுறேன். இடம்? ரெண்டு வகுப்பும் சேந்து 38 பேர், ரூம் 20க்கு 20.

பி.டி. சார், 8.44
ஒரு பிள்ளை கை விரிச்சுப் படுக்க 6 அடிக்கு 3 அடி, 18 சதுர அடி. 400 சதுர அடியில 22 பேருக்கு மேல வராது. 4ஆம் வகுப்பு 11.10, 5ஆம் வகுப்பு 11.35னு பிரிச்சுடுங்க. டைல்ஸ் மேல ஜமுக்காளம் நழுவும். நிக்கிற ஆசனம் எல்லாம் வெறுந்தரையில முடிச்சிட்டு, படுக்கைக்கு மட்டும் கோரைப்பாய் விரிங்க. 20 பாய் இருந்தா ரெண்டு வகுப்புக்கும் ஆகும்.

மூலைவீட்டுத் தாத்தா, 8.46
பாய் என் கணக்கு. எத்தனை அடின்னு மட்டும் சொல்லுங்க.

பி.டி. சார், 8.47
ஆறுக்கு மூணு, ஐயா.