அலசியதும் பூக்கும் துருவுக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களே,

பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே சீர்செய்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. அமிலம் ஊற்றியோ மின்னாற்பகுப்பிலோ உள்ளே இருக்கும் துருவை எடுத்துத் தண்ணீரில் அலசிக் கவிழ்க்கிறோம். பளிச்சென்று தெரிந்த தகடு, ஈரம் இருந்தால் கண்ணெதிரிலேயே மெல்லிய ஆரஞ்சு நிறமாகிவிடும், விரலால் தடவினால் பொடி ஒட்டும். ஆங்கிலத்தில் ஃபிளாஷ் ரஸ்ட். 'மின்னல் துரு' என்று போட்டால், மின்னாற்பகுப்பு நாலு வரி மேலேயே வருவதால், மின்சாரம் பாய்ச்சி வந்த துரு என்று படிக்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.
— க.

தம்பி,

பூந்துரு. யோசிக்கவே வேண்டாம். சுவரில் உப்புப் பூக்கிறது, ரொட்டியில் பூஞ்சணம் பூக்கிறது, நீறு பூத்த நெருப்பு என்கிறோம். மேலாக, மெல்லிசாக, தானே வந்து படிவதற்கெல்லாம் நம்மிடம் இந்த வினைதான் இருக்கிறது. 'உடன்துரு' என்று யாராவது வருவார்கள், அதை எடுக்காதீர்கள், உடன்பிறப்பு மாதிரி கூடவே பிறந்த துரு என்றாகிவிடும்.
— இரா.

ஐயா,

சொல் அழகு, புணர்ச்சியில்தான் கேள்வி. 'பூப்பெயர் முன்இன மென்மையும் தோன்றும்' என்பது நன்னூல். அந்த உம்மையால் பூந்துரு, பூத்துரு இரண்டும் சரி. ஆனால் அது பூ என்ற பெயருக்கான விதி. நீங்கள் சொல்வது பூத்தல் என்ற வினை. வினைத்தொகை என்று கொண்டால் வல்லினமும் மிகாது, மெல்லினமும் தோன்றாது, ஊறுகாய், சுடுசோறு போல 'பூதுரு' என்றே நிற்க வேண்டும். பூத்த, பூக்கின்ற, பூக்கும் என்று மூன்று காலமும் கரந்து நிற்பது இந்தத் துருவுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அப்புறம், செம்பில் களிம்பு (செம்பின் பச்சைத் துரு) போல உயிரில் மலம் (உயிரைப் பற்றிய அழுக்கு) என்று சைவ சித்தாந்தம் சொல்வதையும் இங்கே நினைக்க வேண்டும். களிம்பு செம்போடு என்றும் இருப்பது, இந்தத் துருவோ இடையில் வந்தது. ஆகவே 'வந்தேறு துரு' என்றும் சொல்லலாம்.
— மு.

அண்ணாமாரே,

துருவிலேயே நிக்கிறியள். ஈழத்தில் நாங்கள் கறள் என்போம். இரும்பு கறள் கட்டினது என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கறை, கறுத்தல் எல்லாம் ஒரே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. 'இளங்கறள்' என்றால் புதிதாய் வந்தது என்று தானே சொல்லிவிடும்.
— சி.

எல்லோருக்கும் வணக்கம்.

நான் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுப்பவன். இந்தச் சொல் எதற்கு வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய துருவையும் இதையும் ஒன்றாக எண்ணும் மாணவன் மறுபடி அமிலத்தை ஊற்றுவான், ஏற்கெனவே அரித்துப்போன தகடு இன்னும் மெலியும், ஊசித்துளை விழும். இதைக் கவனிக்காமல் மேலேயே உட்பூச்சு ஊற்றுபவனுக்குப் பூச்சு சரியாகப் பிடிக்காது, பிறகு ஏடு ஏடாக உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். அமிலத்தைச் சோடாக் கரைசலால் முறித்து, உடனே சூடான காற்றால் உலர்த்தி, தாமதமில்லாமல் பூச வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேல் ஒரு பாஸ்பேட் படலத்தை விட்டுச் செல்வதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். (பெட்ரோல் ஆவி துளி மிச்சம் இருந்தாலும் சூட்டுக் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், காலி டேங்க்தான் ஆபத்து.) இங்கே எல்லாமே நேரக் கணக்கு. சொல்லில் அந்த அவசரம் தெரிய வேண்டும். பூ என்றதும் மாணவனுக்கு அவசரம் வராது. 'உடனடித் துரு' போதும், தமிழ் தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம்.
— வே.

'உடனடி' என்பது காபித் தூளுக்கு ஒட்டும் சொல். கலைச்சொல் கேட்டவுடன் புரிந்தே ஆக வேண்டும் என்றால் எந்தக் கலைச்சொல்லும் பிறந்திருக்காது. மின்னாற்பகுப்பு முதல் நாளே யாருக்குப் புரிந்தது? புழங்கினோம், நின்றது.
— இரா.

நண்பர்களே, நன்றி. நேரமில்லை. என்னையும் சேர்த்து நால்வர் உடனடித் துரு பக்கம் (இருவர் தனிமடலில் சொன்னார்கள்), அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் பூந்துரு. கறளை இலங்கை வாசகர்களுக்காக அருஞ்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். டேங்க் டேங்காகவே இருக்கும், 'எரிபொருள் கலன்' பற்றி தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.
— க.

அடைப்புக்குறிக்குள் போடுவதென்றால் 'பூதுரு' என்று போடுங்கள். ந் வரக் கூடாது.
— மு.