புதுப்பிப்பு: லேப்டாப்பில் வெளி கிராபிக்ஸ் கார்டு, 'கோடு 12' பிழை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தண்டர்போல்ட் 3 பெட்டி (கார்டை உள்ளே வைத்து, வேகமான ஒரு கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும், தனி கரண்டில் ஓடும் பெட்டி) வழியாக டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டை இணைத்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'கோடு 12' (Code 12, அந்தச் சாதனத்துக்குப் போதிய ரிசோர்ஸ் இல்லை) என்ற பிழை வருகிறது என்று கேட்டிருந்தேன். கேபிளையும் டிரைவரையும் மாற்றிப் பலனில்லை. மன்னார்குடி அண்ணன் சொன்னபடி, லேப்டாப்புக்குள் இருக்கும் தனி கிராபிக்ஸ் சிப்பை முடக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. பிராசஸரோடு வரும் கிராபிக்ஸை முடக்க வேண்டாம்.

லேப்டாப் திரையில் வேகம் குறைவுதான். மானிட்டரை நேராகக் கார்டில் செருகியதும் நன்றாகக் கூடியது. படம் அதே கேபிளில் திரும்பி வர வேண்டியதில்லை அல்லவா.

அப்புறம் நான் எதிர்பாராத ஒன்று. கும்பகோணத்தில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, பெட்டி அணைந்துவிடுகிறது, விண்டோஸ் அப்படியே நின்றுவிடுகிறது. டெல்டாக்காரர்கள் பெட்டியைக் கட்டாயம் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.