டீக்கடை கேமரா பதிவு: முதலில் சேனலுக்கா, ஸ்டேஷனுக்கா?

குன்னூர் நிருபர்:
குன்னூர் பக்கம் ஒரு வழிப்பறி. எதிர் டீக்கடை கேமராவில் ஆளின் முகம் விழுந்திருக்கிறது. கடைக்காரர் மானிட்டரைச் செல்போனில் படம்பிடித்து, 40 விநாடி கிளிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சேனல் இன்றே கேட்கிறது. போட்டால் வழக்கு கெடுமா? இதையே போலீசுக்குக் கொடுத்தால் சாட்சியமாக நிற்குமா?

ஊட்டி வக்கீல்:
நிற்பது கஷ்டம் சார். அது திரையைப் பிடித்த படம். வாட்ஸ்அப் வேறு அதைச் சுருக்கியிருக்கும். கோர்ட்டுக்கு வேண்டியது டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டியில்) உள்ள மூலம், இல்லையென்றால் சான்றிதழோடு அதன் நகல். அந்தச் சான்றிதழ் முன்பு பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4). ஏ பகுதியில் பதிவைக் கொடுப்பவரும் பி பகுதியில் நிபுணரும் கையெழுத்திட்டு, ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பு துளி மாறினாலும் அது மாறிவிடும்) குறிக்க வேண்டும். நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆனால் பெரிய சேதம் முகத்தைக் காட்டுவதில்தான். பறிகொடுத்தவருக்கு ஆள் முன்பின் தெரியாதவர் என்றால் மாஜிஸ்திரேட் அடையாள அணிவகுப்பு நடத்துவார், பலரோடு நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "இவரை அதற்கு முன் டிவியில் பார்த்தீர்களா?" என்பதாக இருக்கும். "பார்த்தேன்" என்றால் அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். முகத்தை மறைத்துப் போடுங்கள். கடைப் பெயரையும் மறையுங்கள், கடைக்காரர் நாளைக்குச் சாட்சி. "போலீசில் ஒப்புக்கொண்டார்" என்ற வரியும் வேண்டாம். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அதே சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 23-ன்படி செல்லாது, படிக்கிறவர் மனதில் மட்டும் தீர்ப்பு எழுதிவிடும்.

கோத்தகிரி சிசிடிவி:
முதல் வேலை ஓவர்ரைட்டை ஆஃப் செய்வது. 1 டிபி டிஸ்க்கில் 2 மெகாபிக்சல் கேமரா நாலு ஓடினால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்தான் தாங்கும். பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

அடுத்து கடிகாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் இது. போர்டில் உள்ள பட்டன் செல் செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் ஓடிவிடும். அதைத் திருத்தவே கூடாது! மானிட்டர் நேரமும் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, எத்தனை நிமிஷம் வித்தியாசம் என்று மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் குறிப்பில்) எழுதச் சொல்லுங்கள்.

சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, டிவிஆரின் சொந்த ஃபார்மட்டில், பிளேயரோடு புது பென்டிரைவில் எடுக்க வேண்டும். ஏவிஐ என்ற பொதுவான வீடியோ ஃபார்மட்டுக்கு மாற்றினால் ஹாஷ் மாறிவிடும். ராத்திரி மூடுபனியில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டுத் திரும்பி முகம் வெளுத்திருக்கும். அதைச் சேனல்காரர்கள் கூர்மையாக்கி, வட்டம் போட்ட கிளிப் எக்காரணம் கொண்டும் வழக்குக் கட்டில் சேரக் கூடாது.

குன்னூர் நிருபர்:
டிவிஆரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று கடைக்காரர் பயப்படுகிறார்.

ஊட்டி வக்கீல்:
பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-ன்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் கேட்கலாம். அந்த உத்தரவை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பறிமுதல் என்றால் பிரிவு 105-ன்படி அதை வீடியோ எடுக்க வேண்டும். மகஜரில் தயாரிப்பு, மாடல், சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்தபின் கையெழுத்து.

கோத்தகிரி சிசிடிவி:
ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்தாலும் அதன் சீரியல் நம்பர் வேண்டும். வேறு டிஸ்க் போட்டால் கேமரா அன்றைக்கே ஓடும். கழற்றும் முன் டிவிஆரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் கடைசிக் கோப்பு உடைந்துபோகும்.