உதவி: பேசிக் சேஃப்டி 5 வருஷம் தாண்டிவிட்டது, யாட் ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிட்டார்

அணியம்: பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) டெக் ரேட்டிங் (மேல்தளப் பணியாளர்). இப்போது யாட்டில் (சொகுசுப் படகு) டெக்ஹேண்ட் வேலைக்கு முயற்சி செய்கிறேன். கடல் வேலைக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் (பேசிக் சேஃப்டி) ஐந்தும் 2019 மார்ச்சில் இந்தியாவில் முடித்தவை. ஸ்பெயினின் பால்மாவில் உள்ள ஏஜென்ட் மூன்று காரணம் சொல்லித் திருப்பிவிட்டார்: சான்றிதழ் காலாவதி, பி.எஸ்.ஏ. (செக்யூரிட்டி விழிப்புணர்வுச் சான்றிதழ்) இல்லை, பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. இங்கே விசாரித்த இன்ஸ்டிட்யூட்டில் ஐந்தையும் மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். அவசியமா அண்ணே?

நங்கூரச்சங்கிலி: ஐந்தும் வேண்டாம் தம்பி. எஸ்.டி.சி.டபிள்யூ. (மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தம்) 2010 மணிலா திருத்தப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை திறனை மறுபடி நிரூபிக்க வேண்டியவை இரண்டுதான்: உயிர்பிழைப்புப் பயிற்சி (பி.எஸ்.டி.), தீயணைப்பு (எஃப்.பி.எஃப்.எஃப்.). இரண்டுக்கும் ரெஃப்ரெஷர் (சுருக்கமான மறுபயிற்சி) இருக்கிறது. முதலுதவி, பி.எஸ்.எஸ்.ஆர். (தனிநபர் பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு), செக்யூரிட்டிப் பயிற்சி மூன்றையும் அந்த ஒப்பந்தத்தின் விதித்தொகுப்பு (கோட்) அந்தப் பட்டியலில் வைக்கவில்லை.

பலர் மாட்டுவது வேறு இடத்தில். ரெஃப்ரெஷர் சான்றிதழ் தனியாகச் செல்லாது. 2019 அசல் சான்றிதழும் கூடவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பி.டி.எஃப்.பில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏஜென்ட் மறுபடி "காலாவதி" என்றுதான் எழுதுவார்.

காசு கட்டும் முன் படகு எந்தக் கொடி, அதாவது எந்த நாட்டில் பதிவானது, என்று கேளுங்கள். பெரிய யாட்களில் கேமன், மார்ஷல் தீவுகள், மால்டா கொடிகள் நிறைய. இந்திய ரெஃப்ரெஷரை அந்தக் கொடி ஏற்கிறதா என்பதை ஈமெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

சுக்கான்பிடி: பி.எஸ்.ஏ. விஷயம் ஏஜென்ட்டுக்குப் புரியாத குழப்பம். இந்தியாவில் பேசிக் சேஃப்டியோடு தருவது எஸ்.டி.எஸ்.டி.எஸ்.டி. (செக்யூரிட்டிப் பொறுப்பு உள்ள மாலுமிக்கான பயிற்சி). அது எஸ்.டி.சி.டபிள்யூ. கோட்டின் அட்டவணை ஏ-6/6-2, பி.எஸ்.ஏ. ஏ-6/6-1. மேல்நிலைச் சான்றிதழில் கீழ்நிலை அடக்கம். சான்றிதழில் அட்டவணை எண் அச்சாகியிருக்கும் வரியை வட்டமிட்டு ஸ்கேன் அனுப்புங்கள், புதுசாக கோர்ஸ் வேண்டாம்.

பெயரில் என்ன வித்தியாசம்? இனிஷியலா?

அணியம்: ஆமாம். சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் முழுசாக இருக்கிறது.

சுக்கான்பிடி: நம்ம ஊர்க்காரர்களுக்கு நிரந்தரத் தலைவலி. பாஸ்போர்ட்டை மூலமாக வைத்து, முதலில் இன்டோஸ் பதிவில் (இந்திய மாலுமிகளின் தேசியத் தரவுத்தளம்) பெயரைச் சரி செய்யுங்கள், அடுத்து சி.டி.சி.யில் (மாலுமியின் அடையாளப் புத்தகம்). ரெஃப்ரெஷருக்குப் பதிவு செய்வது கடைசியில்தான், ஏனென்றால் புதுச் சான்றிதழ் இன்டோஸில் உள்ள பெயரில்தான் வரும். வரிசை மாறினால் இரட்டை வேலை. பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று. அதை ஏற்பதா என்பது கேப்டன், கொடி பொறுத்தது.

கலங்கரை: ரெஃப்ரெஷர் நாளுக்கு இரண்டு விஷயம். தாடியை முழுசாக மழித்துவிட்டுப் போங்கள். பி.ஏ. செட் (தீயணைப்போர் மாட்டும் சுவாசக் கருவி) மாஸ்க் தாடிமேல் சீல் ஆகாது, காற்று கசியும், 300 பார் அழுத்தச் சிலிண்டரும் சீக்கிரம் இறங்கும். 55 பார் வாக்கில் எச்சரிக்கை விசில் அடித்தால் உடனே வெளியே வர வேண்டும்.

நீச்சல் குளத்தில் கவிழ்ந்த லைஃப்ராஃப்டை (காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பம்) நிமிர்த்துவதில்தான் திணறுவார்கள். கேஸ் சிலிண்டர் உள்ள பக்கத்தில் ஏறி நின்று, அடியில் ஓடும் பட்டையைப் பிடித்து, உடம்பை முழுசாகப் பின்னால் சாய்க்க வேண்டும். கைபலத்தால் இழுத்தால் அசையாது. ராஃப்ட் மேலே விழும்போது பதறாமல் மல்லாந்தபடி, முகம் மேலே இருக்க வெளியே வாருங்கள். கடலில் என்றால் சிலிண்டர் பக்கம் காற்று வரும் திசைக்கு மறுபுறம் இருக்கும்படி முதலில் சுழற்றிக்கொள்வது. காற்றே பாதி வேலையைச் செய்யும்.

அணியம்: மெடிக்கல்? ஏஜென்ட் இ.என்.ஜி.1 (மாலுமி மருத்துவத் தகுதிச் சான்றிதழ்) கேட்கிறார். தவிர "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" என்று ஒரு தொகையும்.

நங்கூரச்சங்கிலி: இ.என்.ஜி.1 பிரிட்டனின் கடல்சார் அமைப்பான எம்.சி.ஏ. அங்கீகரித்த டாக்டர் மட்டுமே தர முடியும். வெளிநாட்டு டாக்டர்கள் பட்டியலும் அவர்கள் தளத்தில் உண்டு. அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். டெக் வேலை என்பதால் இஷிஹாரா எனும் நிறப் பார்வைச் சோதனை முக்கியம், கலர் லென்ஸ் போட்டு ஏமாற்ற முடியாது. கண்ணாடி போடுபவர் என்றால் உபரி ஜோடியும் கொண்டுபோங்கள்.

ஃபீஸ் கொடுக்காதீர்கள். எம்.எல்.சி. 2006 (கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்) படி வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மெடிக்கல், சி.டி.சி., பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் உங்களுடையது. இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பவர் என்றால் ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான உரிமம்) எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் சரிபாருங்கள். எண் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.