சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு ஏன் இடிக்கிறது?

ஜன்னலோரம்:
சாங்கியிலிருந்து ஜேஎஃப்கேவுக்கு நேரடி விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரம் 15,300 கி.மீ. சொச்சம். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்றால் 17 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும், ஆனால் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, நள்ளிரவு ஏறினால் அதே நாள் காலை ஆறரைக்கு இறங்கலாம் என்கிறது டிக்கெட். திரும்பி வரும்போதோ இரவு பத்தரைக்கு ஏறினால் இரண்டு நாள் தள்ளிய தேதி! பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்கிறார் நண்பர். அப்படியா?

பழைய வரைபடம்:
பூமி சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது, விமானம் அதற்குள்தான் பறக்கிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், அவ்வளவுதான். நியூயார்க் கோடையில் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் வரும். இந்த வம்பே வேண்டாம் என்றால் 'மொத்தப் பயண நேரம்' என்ற வரியை மட்டும் பாருங்கள்.

வால்காற்று:
தூரத்தை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 178 டிகிரி, அதாவது பூமியின் நேர் எதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49.4, ஆக 138. டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் உங்கள் 15,300 வந்துவிடும்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போக வேண்டும் என்றில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது, சில நாள் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகவும் வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா பக்கமாகவும், இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பார்கள். சுற்றுதான், ஆனாலும் காற்று முதுகில் தள்ளும். அப்புறம், அந்தப் பதினெட்டரையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும், இறங்கியபின் வாயிலுக்கு வந்து நிற்கும் நேரமும் சேர்த்தி.

ரன்வே ராஜா:
இதற்கு நல்ல உதாரணம் ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தவர்கள் 2016-இல் பசிபிக் வழிக்கு மாறினார்கள். தூரம் 15,300 ஆகக் கூடியது, நேரமோ குறைந்து பதினாலரை மணி ஆனது. தலைகீழாகவும் நடக்கும்: 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் ஒன்பது மணி சொச்சத்திலிருந்து பதின்மூன்றை எட்டியது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! இணையத்தில் கிடைக்கும் தூரக் கணிப்பான்களுக்கு இதெல்லாம் தெரியாது, கோடு போட்டு வகுத்துச் சொல்லிவிடும்.

ஜன்னலோரம்:
சரி, புரிந்துவிட்டது. நான் போகிற அன்று எந்த வழி என்று இப்போதே தெரிந்துகொள்ள முடியுமா? துருவத்துப் பக்கம் என்றால் ஜன்னல் இருக்கை போடலாமே என்று பார்க்கிறேன்.

வால்காற்று:
முடியாது. காற்றுக் கணிப்பைப் பார்த்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் பாதையை முடிவு செய்வார்கள். விமானத் தடம் காட்டும் செயலிகளில் இதே விமானம் கடந்த ஒரு வாரம் போன வழியைப் பாருங்கள், ஓரளவு பிடிபடும். ஜன்னல் போடுங்கள், ஆனால் நள்ளிரவு விமானம், பாதி நேரம் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.