தாத்தாவோட பிரஷர்: குடும்பக் குழு

செல்வி, காலை 7:12
அப்பாவுக்கு இன்னைக்கு 172/66. நேத்து 168/64. கீழ்ப் பிரஷர் கம்மியா இருக்கு, மாத்திரை எதுக்குங்கிறார். பரணி, என்னப்பா பண்றது?

கணேசன்
அப்பாவுக்கு 78 வயசு. நூறைக் கூட்டினா 178. அதுக்குள்ளதானே இருக்கு?

பரணி
பெரியப்பா, அந்தக் கணக்கை மறந்துடுங்க. வயசானா ஏறத்தான் செய்யும், ஆனா ஏறினதுக்கு விலை உண்டு. மேல 140ஐத் தாண்டி, கீழ 90க்குள்ள நிக்கிறது வயசானவங்ககிட்ட அதிகம் பாக்குற பிரஷர். 1991ல வந்த ஷெப் ஆய்வு இதுக்காகவே நடந்தது. மேல் பிரஷர் 160க்குக் குறையாம இருந்த, 60 வயசு தாண்டின 4,736 பேர். பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை, மீதிப் பேருக்கு நீர் பிரியிற மாத்திரையான குளோர்தாலிடோன் 12.5 மி.கி.ல ஆரம்பம். மருந்து எடுத்தவங்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைஞ்சுது.

செல்வி
அப்ப கீழ ஏன் இவ்வளவு இறங்குது?

பரணி
அத்தை, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய் ரப்பர் மாதிரி இருக்கணும். ரத்தம் பாயும்போது விரிஞ்சு வாங்கிக்கும், அப்புறம் சுருங்கி முன்னாடி தள்ளும். வயசாகி விறைச்சுப் போனா விரியாது, அதனால மேல எகிறும். சுருங்கித் தள்றதும் இல்ல, அதனால கீழ இறங்கும். ரெண்டும் ஒரே கோளாறு. கீழ கம்மியா இருக்குன்னு சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல.

கவிதா
அத்தை, எப்பப் பாத்தீங்க?

செல்வி
வாக்கிங் முடிஞ்சு காபி குடிச்சதும். சட்டைக் கை மேலயே சுத்தினேன்.

கவிதா
அது சேராது 😀 காபி குடிச்சு அரை மணி ஆகணும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, சாய்ஞ்சு உக்கார்ற நாற்காலியில 5 நிமிஷம் சும்மா உக்காரணும். கால் தரையில, கால் மேல கால் கூடாது. கை மேஜை மேல, நெஞ்சு மட்டத்துல. கைப்பட்டையை வெறும் கையில, முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல கட்டுங்க. சட்டையைச் சுருட்டி இறுக்கினாலும் தப்புதான். அளக்கும்போது பேச்சே கூடாது, தாத்தாவுக்கு இதுதான் கஷ்டம்.
மேல்கையைச் சுத்தி டேப் வச்சுப் பாருங்க. சாதாரணப் பட்டை 22லேர்ந்து 32 செ.மீ. கைக்குத்தான். பட்டை சின்னதா இருந்தா அளவு கூடக் காட்டும்.
காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. 7 நாள். முதல் நாளை விட்டுட்டு சராசரி பாருங்க. வீட்டுல 135ன்னாலே அதிகம்தான்.
தினம் ஒரு தடவை எழுந்து நிக்க வச்சு, 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பாருங்க. மேல 20 இறங்கினா மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடியே டாக்டருக்குச் சொல்லணும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழறவங்க பலருக்கு இதுதான் சங்கதி.

அடுத்த ஞாயிறு

செல்வி, காலை 9:40
சராசரி 158/66. நின்னா 150. நாடி ஒழுங்கா இருக்கு.

பரணி
அப்ப நிஜமான பிரஷர்தான், நின்னாலும் பெருசா இறங்கல. டாக்டர் பெரும்பாலும் ரத்தக் குழாயைத் தளர்த்துற அம்லோடிபின் 2.5 மி.கி.ல தொடங்குவார். கணுக்கால் வீங்கினா அது மருந்தோட வேலை, உப்பு நீர் இல்ல. நீர் பிரியிற மாத்திரையால அது வத்தாது. அளவைக் குறைக்கணும், இல்ல டெல்மிசார்ட்டான்னு இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேக்கணும்.
குளோர்தாலிடோன் கொடுத்தா 2–4 வாரத்துல ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் பாக்கச் சொல்லுங்க. வயசானவங்களுக்கு சோடியம் சட்டுனு இறங்கும். சோர்வு, பேச்சுல குழப்பம்னு வந்தா வயசுன்னு விட்டுடக் கூடாது. வயித்துப்போக்கு வந்தா அன்னைக்கு மாத்திரை போடலாமான்னு கேட்டுக்கோங்க.
முதல்ல 140க்குக் கீழ கொண்டு வரலாம். தலைசுத்தல் இல்லாம தாங்கினா 130 பக்கம். கீழ 60க்குக் கீழ போக ஆரம்பிச்சா வேகத்தைக் குறைக்கணும், இதயத்தோட சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் பாயறது பெரும்பாலும் இதயம் தளர்ந்து கீழ்ப் பிரஷர் இருக்குற நேரத்துலதான்.

கணேசன்
சோடியம் கம்மியான உப்பு விக்குதே, வாங்கிட்டு வரவா?

கவிதா
அதுல பொட்டாசியம் இருக்கும்ப்பா. டெல்மிசார்ட்டானோட சேந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடலாம். கிட்னி டெஸ்ட் பாக்காம வேண்டாம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாயை நிறுத்தினாலே போதும். மொத்த உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், தலை தட்டின ஒரு டீஸ்பூன்.

கணேசன்
திடீர்னு 190 காட்டினா நாக்குக்கு அடியில கேப்சூல்?

பரணி
வேண்டவே வேண்டாம் பெரியப்பா. நிஃபெடிபின் கேப்சூலை அப்படிக் கொடுத்தா ஒரேயடியா இறங்கி, அதுவே பக்கவாதத்துல கொண்டு விடலாம். உக்கார வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. அப்பவும் 180க்கு மேலன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க. வாய் கோணல், கை தளர்ச்சி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தா நேரா 108.

செல்வி
செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அளவு எழுதின நோட்டை எடுத்துக்கிறேன்.

கவிதா
முட்டி வலிக்குப் போடுற டைக்ளோஃபெனாக் அட்டையையும் எடுத்துக்கோங்க அத்தை. பிரஷரை ஏத்துறதுல அதுக்கும் பங்கு இருக்கலாம்.

செல்வி
அதை தினம் ரெண்டு போடுறாரே!