சிங்க் அடைப்பு: கெட்டில் தண்ணிய ஊத்தச் சொன்னது யாரு?

செந்தூல் குழாய்:
வாட்ஸ்அப்பில ஒரு செய்தி சுத்துது. "சிங்க்ல தண்ணி மெதுவா இறங்குதா? ஆளைக் கூப்பிட்டு காசைக் கொட்டாதீங்க. அரை கிலோ சோடா ஆப்பியை (காஸ்டிக் சோடா) போட்டு, மேல ஒரு கெட்டில் கொதிதண்ணி ஊத்துங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடும்." இதை அப்படியே எழுத்து மாறாம போன வாரம் இங்க போட்டது ஜெலுத்தோங்காரன். இப்ப தாமான் (குடியிருப்பு) தாமானா ஊத்துறாங்க.

அடைச்ச பைப்புல கொதிதண்ணி ஊத்தக்கூடாது. யூபிவிசி (பிளாஸ்டிக்) பைப் 60 டிகிரிக்கு மேல தொடர்ந்து தாங்காது, 80 கிட்ட போனா இளகும். சோடா ஆப்பிக்கும் முறை இருக்கு. தண்ணியில அதைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், அது மேல தண்ணிய ஊத்தக்கூடாது. அரை கிலோவை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியில கரைச்சாலே கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். அது மேல கெட்டிலையும் கவுத்தா பொங்கி மூஞ்சியில அடிக்கும். கண்ணு போயிடும்.

ஜெலுத்தோங்காரன்:
வந்துட்டாரு. அடைப்பெடுக்கிற ஸ்பிரிங் மெஷின் வச்சிருக்கவங்களுக்கு கெட்டிலைக் கண்டா ஆகாதுதான். ஒரே ஒரு கேள்வி, செந்தூல் அண்ணே. நம்ம வீடுகள்ல சோத்துக் கஞ்சிய எங்க வடிக்கிறாங்க? சிங்க்ல. மீ ஹூன் வெந்த தண்ணி எங்க போகுது? சிங்க்ல. எல்லாம் அடுப்புலேர்ந்து நேரா வர்ற கொதிதண்ணிதான். எத்தனை வீட்டுல பைப் இளகித் தொங்குது?

செந்தூல் குழாய்:
ஓடுற தண்ணி வேற, நிக்கிற தண்ணி வேற. கஞ்சி ஓடுற பைப்புல நாலஞ்சு செகண்டுல தாண்டிப் போயிடும், பைப் சுவர் சூடேற நேரமில்ல. அடைச்ச பைப்புல அதே தண்ணி நிக்கும். நான் சொன்னது "அடைச்ச பைப்". திரும்பப் படிங்க தம்பி.

இன்னொண்ணு. சிங்க் கீழ தண்ணி தேங்கி நிக்கிற பாட்டில் டிராப் நிறைய வீட்டுல பாலிப்ரொப்பிலீன். மெழுகு மாதிரி வழுவழுன்னு இருக்கும், நட்டைக் கையாலயே திருகலாம், அது சூடு தாங்கும். அதைப் பாத்துட்டு "ஒண்ணும் ஆகலையே"ன்னு நினைக்கிறாங்க. அதுக்குப் பின்னாடி சுவருக்குள்ள போறது பசை போட்டு ஒட்டின யூபிவிசி. கெட்டுப் போறது அந்த ஜாயிண்ட்தான், அது உங்க கண்ணுக்குத் தெரியாது.

ஜெலுத்தோங்காரன்:
சரி, நிக்கிற தண்ணின்னே வச்சுக்குவோம். கணக்கு போடலாமா? 2 இன்ச் பைப் ஒரு மீட்டருக்கு சுமார் 2 லிட்டர் பிடிக்கும். 3 மீட்டர் தள்ளி அடைச்சிருந்தா உள்ள 6 லிட்டர் தண்ணி நிக்குது, 28 டிகிரியில. மேல ஊத்துறது 1.7 லிட்டர் கெட்டில். கலந்தா 43, 44 டிகிரி. உங்க 60 எங்க, என் 44 எங்க? பயமுறுத்துறதுக்கு முன்னாடி கால்குலேட்டர் எடுங்க.

கஞ்சிக்கு இன்னும் பதில் வரல.

செந்தூல் குழாய்:
உங்க கணக்குலயே நீங்க மாட்டிக்கிட்டீங்க. 44 டிகிரியில பைப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, 3 மீட்டர் தள்ளி இருக்கிற அடைப்புக்கு மட்டும் என்ன ஆகும்? அப்புறம் கெட்டில் எதுக்கு?

அதோட கொதிதண்ணி போய்ச் சமத்தா கலக்காது. சூடான தண்ணி லேசு, மேலயே நிக்கும். சிங்க் வாய்ப்பக்கம் 80, 90 டிகிரியில நிக்கும், அடைப்பு இருக்கிற இடத்துல பச்சைத் தண்ணியாவே இருக்கும். சூடு வேண்டிய இடத்துக்குப் போகாது, வேண்டாத இடத்துல தங்கும். கஞ்சிக்குப் பதில் சொல்லியாச்சு. ஓடுற தண்ணி வேற, நிக்கிற தண்ணி வேற.

செராஸ் சமையல்:
ரெண்டு பேரும் டிகிரி டிகிரின்னு அடிச்சுக்கிறீங்க, உள்ள என்ன அடைச்சிருக்குன்னு யாராவது கேட்டீங்களா? நம்ம கடைகள்ல விக்கிற பாம் ஆயில் இந்த வெயிலுக்கு உறையாது, போத்தல்ல பாத்தாலே தெரியும். பைப்புக்குள்ள கட்டுறது ஆட்டுக்கறிக் கொழுப்பு, கோழித் தோல் கொழுப்பு, நெய், வனஸ்பதி. அதுல சாந்தான் (தேங்காய்ப்பால்) பிழிஞ்ச சக்கை, சோத்துப் பருக்கை, காப்பித்தூள் எல்லாம் ஒட்டும். அந்தக் கஞ்சி இருக்கே, கொதிக்கக் கொதிக்க போகுதுன்னு பெருமையா சொல்றீங்களே, அதுல இருக்கிற மாவுச்சத்துதான் எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டவைக்குது. சட்டிய டிஷ்யூல துடைச்சிட்டு கழுவுங்க. சிங்க் வாய்ல ஒரு வலை போடுங்க. பாதி அடைப்பு வராது.

நீங்க ரெண்டு பேரும் சட்டி கழுவுற ஆளுங்க மாதிரி தெரியல.

ஜெலுத்தோங்காரன்:
அக்கா, நெய் 35 டிகிரிக்குள்ள உருகிடும். என் 44 போதும். நன்றி.

செந்தூல் குழாய்:
உருகி எங்க போகும்? இன்னும் 2 மீட்டர் தள்ளிப் போய் ஆறி மறுபடியும் ஒட்டும். அந்த இடம் டைல்ஸுக்கு அடியில. சிங்க் பக்கத்துல கைக்கு எட்டுற அடைப்ப கை எட்டாத இடத்துக்குத் தள்ளி விடுறீங்க.

சோடா ஆப்பி கதையும் அதேதான். நிக்கிற தண்ணியில கட்டியாக் கொட்டினா கரையாம வளைவுல போய் உக்காந்து கல்லா இறுகிடும். அதை உடைக்க ஸ்பிரிங் விட்டா, சுத்துற ஸ்பிரிங் அந்தத் தண்ணிய வேலை செய்றவன் மேல தெளிக்கும். எதையாவது ஊத்தியிருந்தா வாசல்லயே சொல்லிடணும், பாதிப் பேர் சொல்றதில்ல. இதுக்கு மேல ஹார்ட்வேர் கடைக்காரன் கொடுத்த ஆசிட்டையும் ஊத்தினா உள்ளேயே வெடிச்சுப் பீச்சும். ஆசிட்டும் குளோராக்ஸும் (பிளீச்) சேர்ந்தா குளோரின் புகை.

முறை என்னன்னு எழுதுறேன், காப்பி பண்ணி உங்க வாட்ஸ்அப்பில போடுங்க. முதல்ல கெமிக்கல் எதுவும் ஊத்தாம ரப்பர் பம்ப் போடுங்க. ரெட்டைத் தொட்டி சிங்க்னா ஒரு ஓட்டைய ஈரத்துணியால இறுக்கி அடைக்கணும், மேல இருக்கிற ஓவர்ஃப்ளோ ஓட்டையையும் அடைக்கணும். இல்லாட்டி நீங்க அழுத்துறது எல்லாம் காத்தாப் போயிடும். ரப்பர் முங்குற அளவு தண்ணி நிக்கணும். பதினஞ்சு இருபது தடவை, தூக்காம. போகலைன்னா கீழ வாளி வச்சு டிராப்பைக் கழட்டுங்க. நட்டுக்குள்ள இருக்கிற ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கவனிங்க, திருப்பி மாட்டினா சொட்டும். டிராப் சுத்தமா இருந்தும் தண்ணி போகலைன்னா அடைப்பு சுவருக்குள்ள. அப்ப, அப்ப மட்டும்தான், ஸ்பிரிங்.

ஜெலுத்தோங்காரன்:
வந்துடுச்சு பாத்தீங்களா, "அப்ப ஸ்பிரிங்". அண்ணன் எதை ஆரம்பிச்சாலும் ஸ்பிரிங்ல போய்தான் நிப்பாரு. போன மாசம் வாட்டர் டேங்க் பத்திப் பேசினப்பவும் கடைசியில ஆளைக் கூப்பிடுங்கன்னுதான் முடிச்சாரு.

ஸ்பிரிங் என்ன செய்யுது? வடைக்கு நடுவுல ஓட்டை போட்ட மாதிரி கொழுப்புக்கு நடுவுல ஒரு ஓட்டை. தண்ணி போகும், காசு வாங்கிட்டுப் போயிடுவாங்க. சுவர்ல ஒட்டின கொழுப்பு அப்படியே இருக்கும், ரெண்டு மாசத்துல மறுபடியும் போன். அதுவும் ஓட்டைக்கு இவ்வளவுன்னு கணக்கு. சிங்க் ஒரு ஓட்டை, ஃபுளோர் டிராப் (தரையில தண்ணி இறங்குற வாய்) ஒரு ஓட்டை. ரெண்டும் ஒரே பைப்புல போய்ச் சேருதுன்னு யார் சொல்லப் போறா?

செந்தூல் குழாய்:
அரைகுறையா ஸ்பிரிங் விடுறவனைப் பாத்துட்டுப் பேசாதீங்க. ஒண்ணரை இன்ச் பைப்புக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பிரிங், 2 இன்ச்சுக்கு 10, 4 இன்ச் மெயினுக்கு 16 இல்லாட்டி 22. எல்லாத்துக்கும் ஒரே ஸ்பிரிங் கொண்டு வர்றவனை வாசல்லயே அனுப்பிடுங்க. மெஷினுக்கும் பைப் வாய்க்கும் நடுவுல ஒரு மீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா ஸ்பிரிங் முறுக்கி மடங்கி கையில அடிக்கும். தோல் கையுறை போடணும், துணிக் கையுறை ஸ்பிரிங்ல சுத்திக்கும். தடுக்குதுன்னா தள்ளக்கூடாது. ஒரு அடி பின்னாடி இழுத்து, சுத்த விட்டு, அரைச்சு அரைச்சு உள்ள போகணும். முதல்ல சின்ன ஹெட்ல வழி போட்டு, அப்புறம் பைப் அகலத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான கட்டர் ஹெட் மாட்டி சுவரைச் சுரண்டணும். அந்த ரெண்டாவது தடவையைச் செய்யாதவன்தான் உங்க வடை ஆளு.

கொழுப்பு கெட்டியாப் படிஞ்சிருந்தா ஜெட்தான், அழுத்தமா தண்ணி பீச்சுற மெஷின். நாசில்ல பின்பக்க ஓட்டை வழியா பீச்சுற தண்ணி ஹோஸை முன்னாடி இழுத்துட்டுப் போகும், இழுத்து வாங்கிறப்ப சுவரைக் கழுவும். 4 இன்ச் மெயின்னா 3000 பிஎஸ்ஐ அழுத்தம் வரைக்கும் போகலாம், வீட்டுக்குள்ள இருக்கிற சின்ன பைப்புக்குப் பாதி போதும். கீழ மேன்ஹோல்லேர்ந்து மேல்பக்கமா விடணும், அப்பதான் அழுக்கு திரும்பி மேன்ஹோலுக்கே வரும். அப்ப வீட்டுல டாய்லெட் மூடியை மூடி வைக்கச் சொல்லணும், சொல்லாட்டி காத்து தள்ளி உள்ள தெறிக்கும்.

இதெல்லாம் கெட்டில் செய்யுமா?

ஒன்பதாம் மாடி:
ஃபிளாட்டுல இருக்கிறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். உங்க பாத்ரூம் ஃபுளோர் டிராப் உங்க தரைக்கு அடியில, அதாவது கீழ்வீட்டு சீலிங்ல தொங்குது. நீங்க ஊத்துற சோடா ஆப்பி ஜாயிண்ட்ல கசிஞ்சா அவங்க தலையில சொட்டும். ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) மேனேஜ்மெண்ட் 2015 ஒழுங்குமுறைப்படி சீலிங்ல ஈரம் தெரிஞ்சா குறை மேல்பக்கம்னு எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும். புகார் கொடுத்தா 7 நாளுக்குள்ள மேனேஜ்மெண்ட் வந்து பாக்கணும்.

யார் காசு கொடுக்கிறதுன்னு சண்டை வந்தா இப்படிப் பாருங்க. சிங்க் மட்டும் மெதுவா போனா அது உங்க பைப். வாஷிங் மெஷின் தண்ணி விடுறப்ப ஃபுளோர் டிராப் குபுகுபுங்குதுன்னா அதுவும் பெரும்பாலும் உங்களுதுதான். நீங்க தண்ணியே திறக்கலை, ஆனா கீழ்மாடியில தரைவழியா மேல வருதுன்னா அது எல்லாருக்கும் பொதுவான நெட்டுக்குத்துப் பைப், ஜேஎம்பி (ஃபிளாட்டோட கூட்டு நிர்வாகம்) கணக்கு.

ஜெலுத்தோங்காரன்:
"ஜேஎம்பி கணக்கு"ன்னு எழுதுறது சுலபம். எங்க பக்கத்து ஃபிளாட்டுகள்ல கேட்டா "சிங்கிங் ஃபண்ட்ல (பெரிய பழுதுக்குச் சேத்து வைக்கிற நிதி) காசு இல்ல"ங்கிறாங்க. நீங்க கமிட்டியில இருக்கீங்களா?

ஒன்பதாம் மாடி:
இருந்தா என்ன? பாதி வீட்டுக்காரங்க பராமரிப்புக் கட்டணம் கட்டாம இருந்தா ஃபண்ட் எங்கேர்ந்து வரும்? நீங்க கட்டியாச்சா?

ஜெலுத்தோங்காரன்:
நான் தரைவீட்டுல இருக்கேன். ஃபிளாட் கதையெல்லாம் கேஎல் (கோலாலம்பூர்) ஆளுங்களுக்கு. எங்க பினாங்குல ஜார்ஜ்டவுன் பக்கம் பழைய வீடுகள்ல சிங்க் தண்ணி பின்னாடி லொங்காங்லதான் (சாக்கடை வாய்க்கால்) விழும், டாய்லெட் மட்டும் இண்டா வாட்டர் (கழிவுநீர் கம்பெனி) லைன்ல சேரும். அங்க கெட்டில் ஊத்தினா ரெண்டு மீட்டர்ல லொங்காங். பைப் எங்க இளகும்?

செந்தூல் குழாய்:
கேஎல்லயும் பழைய தாமான் நிறைய அப்படித்தான், பினாங்கு மட்டும் தனியா வானத்துலேர்ந்து விழல. அந்த வீடுகள்ல பிரச்சனையே வேற. பின்னாடி சமையல்கட்டை நீட்டிக் கட்டுறப்ப மேன்ஹோல் மேலயே டைல்ஸ் போட்டு மூடிடுறாங்க. பைப்பை நீட்டுறவன் மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சாய்வு கொடுக்கணும், அவன் தட்டையா போட்டுட்டுப் போயிடுவான். டைல்ஸ்காரன் மீதி சிமெண்ட் தண்ணிய ஃபுளோர் டிராப்புல கழுவி ஊத்துவான். இதுல எதுக்கும் கெட்டிலும் உதவாது, சோடா ஆப்பியும் உதவாது. முதல்ல டைல்ஸை உடைச்சு மேன்ஹோலைக் கண்டுபிடிக்கணும். வீட்டுலேர்ந்து பொது லைன் வரைக்கும் போற பைப் வீட்டுக்காரன் பொறுப்பு. இண்டா வாட்டருக்கு போன் போட்டுத் திட்டி பிரயோஜனமில்ல.

செராஸ் சமையல்:
மேன்ஹோலை மூடினது கான்ட்ராக்டர், மூடச் சொன்னது வீட்டுக்காரர். "பாக்க அசிங்கமா இருக்கு"ன்னு. இதையும் எழுதுங்க.

செந்தூல் குழாய்:
அக்கா, கான்ட்ராக்டர் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்ல? அடியில 4 இன்ச் களிமண் பைப். அதோட ஜாயிண்ட்ல வேர் புகுந்தா எங்கேர்ந்து ஸ்பிரிங் விடுறது? டாய்லெட் பௌலைக் கழட்டித்தான் விடணும்.

ஜெலுத்தோங்காரன்:
மறுபடியும் ஸ்பிரிங்! பௌல் கழட்ட ஒரு ஓட்டை, மாட்ட ஒரு ஓட்டைன்னு பில் போடுவீங்களா?

செந்தூல் குழாய்:
பௌலைக் கழட்டி மாட்டினா அடியில வெள்ளைச் சிமெண்ட் புதுசா போடணும், கனெக்டர் ரப்பர் மாத்தணும். அதுக்குக் காசு உண்டு. ஓசியில வேணும்னா நீங்களே வந்து மாட்டுங்க.

ஒன்பதாம் மாடி:
கட்டணம் கட்டியாச்சான்னு கேட்டதுக்கு "தரைவீடு"ங்கிறார். தரைவீட்டுக்காரருக்கு ஜேஎம்பி சிங்கிங் ஃபண்ட் பத்தி என்ன கவலையாம்?